பறிக்கும் பக்குவம்: வீட்டுத் தோட்டம் குறித்த கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: வேலை நாள்களில் தோட்டத்தை எட்டிப் பார்க்க நேரம் கிடைப்பதில்லை. ஞாயிறுதோறும் வெண்டைக்காய் பறிக்கிறேன். பாதிக்கு மேல் முற்றி நார்நாராக இருக்கின்றன. குறை விதையிலா, மண்ணிலா?

பதில்: இரண்டிலும் இல்லை, பறிக்கும் இடைவெளிதான் நீண்டுவிட்டது. வெண்டைக்காய், பூ மலர்ந்த 4 முதல் 6 நாள்களுக்குள் பறிக்கும் பக்குவத்துக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு காயில் நார் கட்டத் தொடங்குவதால், போன ஞாயிறு பூவாக இருந்தது இந்த ஞாயிறு முற்றலாக நிற்கிறது. வெயில் கூடினால் இது இன்னும் விரைவாக நடக்கும். ஒன்றுவிட்டு ஒரு நாள் காலையில் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். 7 முதல் 10 செ.மீ. வரை வளர்ந்த காயின் நுனியை ஒடித்துப் பாருங்கள்: சட்டென்று ஒடிந்தால் பிஞ்சு, ஒடியாமல் வளைந்தால் முற்றல். செடியின் சுணை சிலருக்குக் கையில் அரிப்பு உண்டாக்கும் என்பதால், முழுக்கை உடை அணிந்து, கத்தரிக்கோலால் காம்போடு வெட்டி எடுப்பது நல்லது.

முற்றிய காயைச் சமைக்க உதவாது என்று செடியிலேயே விட்டுவைக்கிறோமே, அதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. நமக்கு உணவாகத் தெரியும் காய், செடிக்கு விதை சுமக்கும் கூடு. உள்ளே விதை முற்றத் தொடங்கியதும் செடி தன் சத்தை அதற்கே செலுத்திப் புதிய பூக்களைக் குறைத்துக்கொள்கிறது. பீன்ஸ், பீர்க்கு, வெள்ளரி ஆகியவற்றிலும் இதே நிலைதான். இலை மறைவில் கண்ணுக்குத் தப்பிய ஒரு வெள்ளரிக்காய் மஞ்சளாகப் பழுத்துத் தொங்கினால், அந்தக் கொடியில் அடுத்தடுத்த பிஞ்சுகள் தளர்ந்துபோவதை நீங்களே காண்பீர்கள். ஆகவே முற்றலையும் வெட்டி எருக்குழியில் போட்டுவிடுங்கள். விதைக்கு வேண்டுமென்றால், நன்றாகக் காய்த்த, நோயற்ற செடியில் பருவத்தின் கடைசியில் இரண்டொரு காய்களை நூல் கட்டி அடையாளமிட்டு விட்டுவையுங்கள்.

கேள்வி: தக்காளி நன்கு சிவக்கட்டும் என்று காத்திருந்தால் பறவைகள் கொத்திவிடுகின்றன. முன்னதாகப் பறித்தால் சுவை கெட்டுவிடுமா?

பதில்: செங்காயாகப் பறித்தால் பெரிதாகக் கெடாது. காயின் அடிப்பக்கத்தில் பச்சை வெளுத்து இளஞ்சிவப்புச் சாயல் தோன்றும் நாளில் பறித்துவிடலாம். தக்காளி தானே எத்திலீன் வாயுவை வெளியிட்டுப் பழுக்கும் இனம் என்பதால், மிச்சப் பழுப்பு வீட்டுக்குள்ளேயே நடந்துவிடும். வெயில் வேண்டியதில்லை, ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல், காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி நிழலில் பரப்பி வையுங்கள். 30 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பத்தில் சிவப்பு நிறமியான லைக்கோபீன் சரிவர உருவாகாததால், கோடையில் செடியிலேயே விட்ட பழம் மஞ்சள் கலந்து நிற்பதும், அதே செடியின் செங்காய் வீட்டுக்குள் நன்றாகச் சிவப்பதும் உண்டு. முழுப் பச்சையாகப் பறிப்பதைத் தவிருங்கள். அது சிவந்தாலும் சுவை கூடுவதில்லை. பழுக்காத தக்காளியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மணம் போய்விடும்.

கேள்வி: எங்கள் கொடியில் காய்த்த சுரைக்காய் ஒன்று கசந்தது. சமைத்தால் கசப்பு நீங்கிவிடும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: இல்லை. அந்தக் காயை உண்ணவே கூடாது. சுரை, பூசணி, வெள்ளரி குடும்பத்துக் காய்களில் கடுங்கசப்பைத் தருவது குக்கர்பிட்டாசின் என்னும் நச்சுப்பொருள். வேகவைத்தாலும் அது அழிவதில்லை. வாந்தி, வயிற்றுப்போக்கு தொடங்கி உயிருக்கே ஆபத்தாகக்கூடிய நிலை வரை கொண்டுபோய்விடும். நீர் வறட்சி, கடும் வெப்பம், கசப்பான காட்டினத்தோடு கலந்த விதை ஆகியவை காரணமாகலாம். இனிமேல் ஒவ்வொரு சுரைக்காயையும் நறுக்கியவுடன் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுங்கள். கசந்தால் முழுக்காயையும் எறிந்துவிடுங்கள். வளர்த்த காயை எறிய மனம் வராதுதான். ஆனாலும் இதில் தயக்கம் வேண்டாம். (பாகற்காயின் இயல்பான கசப்பு வேறு, அதை இதனோடு சேர்த்து அஞ்ச வேண்டியதில்லை.)

கேள்வி: பறிப்பதற்குக் காலை நல்லதா, மாலை நல்லதா?

பதில்: காலை. இரவில் நீர் ஏறிய கீரையும் காயும் விறைப்பாக இருக்கும். வெயிலின் சூடும் ஏறியிருக்காது. பீன்ஸுக்கு மட்டும் பனி ஈரம் உலரட்டும். ஈர இலையைத் தொட்டால் நோய் செடிக்குச் செடி பரவும்.

கேள்வி: ஒரு நாளைக்கு நான்கு கத்தரிக்காய், ஒரு கைப்பிடி பட்டாணி, இரண்டு தக்காளி. குடும்பத்துக்குப் போதவில்லை. இவ்வளவு உழைப்புக்கும் பலன் இதுதானா?

பதில்: உங்கள் மனக்குறை எனக்குப் புரிகிறது. அளவைக் கூட்ட வழி உண்டு: வகைக்கு ஒன்றாகப் பத்துச் செடிகள் வைப்பதைவிட, வீட்டில் விரும்பி உண்ணும் மூன்று வகைகளில் வகைக்கு நான்கு செடிகள் வையுங்கள். பீன்ஸ், பட்டாணி போன்றவற்றின் விதைகளை இரண்டு வார இடைவெளியில் பிரித்து ஊன்றினால் காய்ப்பு நீளும்.

ஆனால் அந்தக் கைப்பிடி பட்டாணியைக் குறைவாக எண்ணாதீர்கள். பட்டாணியிலும் இனிப்புச் சோளத்திலும் பறித்த நேரத்திலிருந்தே சர்க்கரை குறையத் தொடங்கிவிடுகிறது. அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டுப் போய்ப் பறித்து, உரித்து, கொதிநீரில் இரண்டே நிமிடம் போட்டு எடுங்கள். அந்த இனிப்பு, வளர்த்தவர் வாய்க்கு மட்டுமே எட்டுவது. கத்தரிக்காயையும் எண்ணிக்கை சேரட்டும் என்று செடியில் காக்கவைக்காதீர்கள். தோல் மினுமினுப்பாக இருக்கும்போதே, கட்டைவிரலால் அழுத்திய இடம் மெல்ல மீண்டுவரும் பதத்தில் வெட்டுங்கள். மினுப்பு மங்கிய காயின் உள்ளே விதை பழுப்பேறிக் கசப்பு வந்திருக்கும். கிடைத்த நான்கையும் அன்றைக்கே அந்தத் தக்காளிகளோடு சேர்த்து, உப்பு மட்டும் போட்டு வதக்கி, எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு கரண்டி வையுங்கள்.