பேபால் பெயரில் வரும் மின்னஞ்சல் போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

"உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது, 24 மணி நேரத்துக்குள் உறுதிப்படுத்துங்கள்." பேபால் போன்ற பணச் சேவையின் பெயரில் இப்படி வந்து கடவுச்சொல்லைப் பறிக்கும் மோசடிக்குப் பெயர்தான் ஃபிஷிங். தூண்டில் போடுவது போலத்தான். நம்முடைய பதற்றம்தான் அவர்களுக்கு இரை.

அனுப்புநர் பெயரை யாரும் விரும்பியபடி எழுதிக்கொள்ளலாம் என்பதால்தான் இது எடுபடுகிறது. அதனால் இணைப்பின் முகவரியைப் பாருங்கள். 'பேபால்.கொம்.கணக்கு-உதவி.நெட்' என்று இருக்கிறதா? முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு (/) முன் கடைசியாக நிற்கும் 'கணக்கு-உதவி.நெட்'தான் அதன் சொந்தக்காரர். மட்டக்களப்பில் திருகோணமலை வீதி என்றே ஒரு வீதி உண்டு. "திருகோணமலை வீதி, மட்டக்களப்பு" என்று எழுதிய கடிதம் திருகோணமலைத் தபாற்கந்தோருக்குப் போகாது அல்லவா? அதே கணக்குத்தான்.

சந்தேகமா? இணைப்பைத் தொடாமல், நீங்களே முகவரியைத் தட்டியோ செயலியைத் திறந்தோ உள்ளே போங்கள். உண்மையான சிக்கல் என்றால் அங்கேயே தெரியும். ஏற்கெனவே விவரம் கொடுத்துவிட்டீர்களா? உடனே கடவுச்சொல்லை மாற்றுங்கள், அப்புறம் அட்டையை நிறுத்தச் சொல்லி வங்கிக்கு அழையுங்கள். தயவுசெய்து வெட்கப்பட்டுத் தாமதிக்க வேண்டாம்.

முகவரிப் பட்டையில் பூட்டுச் சின்னம் இருந்தால் தளம் உண்மையானது என்று பலர் நம்புகிறார்கள். அது தகவல் வழியில் களவுபோகாது என்று மட்டுமே சொல்லும், போலித் தளங்களிலும் அந்தப் பூட்டு இருக்கலாம்.