வாசகர் கேள்வி–பதில்: ஆயிரம் குதிரைத்திறன் கார் சாலைக்கு ஆகுமா?

கேள்வி: பழைய டொயோட்டா சுப்ராவின் எஞ்சினை 1,000 குதிரைத்திறனுக்கு மேல் ஏற்றி, நம்பர் பிளேட்டோடு சாலையில் ஓட்டுகிறவர்களைக் காணொளிகளில் பார்க்கிறேன். அப்படிப்பட்ட காரை அன்றாடம் வேலைக்கு ஓட்டிப் போக முடியுமா, அல்லது அது கண்காட்சிக்கு மட்டும்தானா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கட்ட முடியும், வேலைக்கும் ஓட்டிப் போகலாம் (நம் நாட்டுச் சட்டம் இடம் கொடுக்காது; அதைப் பின்னால் சொல்கிறேன்). அந்த 1,000 குதிரைத்திறனைச் சாலையில் இறக்கத்தான் முடியாது. கார் கட்டத் துடிக்கும் இளைஞர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் பார்த்த சுப்ராவில் இருப்பது 2ஜேஇசட் எனப்படும் 3 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின். 1993இல் வந்த சுப்ராவின் இரட்டை டர்போ (புகைபோக்கிக் காற்றால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) வகை அமெரிக்காவில் 320 குதிரைத்திறனோடு விற்றது. அதன் பிளாக், அதாவது சிலிண்டர்கள் அமைந்த உடற்பகுதி, வார்ப்பிரும்பால் ஆனது. பிஸ்டன்களின் மேல்கீழ் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க் ஷாஃப்டை ஏழு பேரிங்குகள் தாங்குகின்றன. அதனால் பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் உறுதியானவையாக மாற்றி, இரண்டு சிறிய டர்போக்களுக்குப் பதில் ஒரு பெரிய டர்போவைப் பொருத்தி, எரிபொருள் பம்பையும் இஞ்செக்டரையும் அதற்கேற்பப் பெரிதாக்கினால், தேர்ந்த பட்டறைக்கு 1,000 என்பது எட்டாத எண் அல்ல. சிக்கல் எஞ்சினுக்குப் பின்னால்தான் தொடங்குகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,500 கிலோ எடையுள்ள, பின்சக்கரங்களால் ஓடும் கார். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது எடை பின்பக்கம் சாய்வதால், அதில் 900 கிலோ பின் டயர்களின் மேல் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல சாலை டயர், உலர்ந்த தார்ச்சாலையில், தன் மேல் விழும் எடைக்கு ஏறக்குறைய சமமான விசையைத்தான் தரையில் ஊன்றித் தள்ளும். அதற்கு மேல் கொடுத்தால் வழுக்கிச் சுழலும். திறன் என்பது விசையை வேகத்தால் பெருக்கி வருவது. அதன்படி மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அந்த டயர்கள் ஏற்றுக்கொள்ளக்கூடியது சுமார் 330 குதிரைத்திறன். 200 கிலோமீட்டரில் சுமார் 660. முழு ஆயிரத்தையும் அவை ஏற்க வேண்டுமென்றால் கார் மணிக்கு 300 கிலோமீட்டரில் போய்க்கொண்டிருக்க வேண்டும். எந்த ஊர்ச் சாலையில் அந்த வேகம் நியாயமாகும்? எஞ்சினை எவ்வளவு முடுக்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. டயரையும் தரையையும் மாற்றினால்தான் மாறும்.

நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்றால், மூன்றாம் கியரில் 100இல் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்துகிறீர்கள். பெரிய டர்போ சுழன்று காற்றழுத்தம் கூடும்வரை ஒன்றும் நடப்பதில்லை. கார் சாதாரணக் காரைவிடச் சோம்பலாகவே இழுக்கிறது. பிறகு எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் டேக்கோமீட்டரின் முள் நாலாயிரத்தைத் தாண்டியதும் மொத்தத் திறனும் ஒரே மூச்சில் வந்து விழ, பின் டயர்கள் பிடியை விட்டு, காரின் பின்புறம் பக்கவாட்டில் நகரத் தொடங்குகிறது. சாலையில் கொஞ்சம் மணலோ முதல் மழையின் ஈரமோ இருந்தால், ஸ்டியரிங்கைத் திருத்துவதற்குக் கிடைக்கும் நேரம் கண் இமைக்கும் நேரம்தான்.

டயர் வழுக்குவதைப் பிடிமானமுள்ள பந்தய டயர் போட்டுத் தடுத்தால், சுமை வேறு இடத்துக்குப் போகிறது. நிமிடத்துக்கு 7,000 சுற்றில் 1,000 குதிரைத்திறன் என்றால் எஞ்சினின் முறுக்குவிசை (சுழற்றும் விசை) சுமார் 1,000 நியூட்டன் மீட்டர். முதல் கியரும், இரு பின்சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலும் சேர்ந்து அதைப் பத்து மடங்குக்கும் மேலாகப் பெருக்கி, சக்கரங்களைச் சுழற்றும் ஆக்சிலுக்கு அனுப்புகின்றன. அப்படி அடிபட்ட ஆக்சில் ஷாஃப்டைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அதன் முனையில் நேர்க்கோடுகளாக ஓடியிருந்த பற்கள், பிழிந்த ஈரத்துணியைப் போலச் சாய்ந்து முறுக்கிக்கொண்டிருக்கும். ஷாஃப்டை மாற்றினால் அடுத்து கியர். கியரை மாற்றினால் அடுத்து கிளட்ச். அந்தத் திறனைத் தாங்கும் பந்தயக் கிளட்சோ, நெரிசலில் அரை கிளட்சில் ஊர்ந்து செல்ல இடம் கொடுக்காது. பிடித்தால் முழுவதும் பிடிக்கும், விட்டால் முழுவதும் விடும். சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகிறவருக்கு இது தண்டனை.

எரிபொருளையும் சொல்லிவிடுகிறேன். 1,000 குதிரைத்திறனை ஒரு நிமிடம் தொடர்ந்து எடுத்தால் சுமார் 6 லிட்டர் பெட்ரோல் போகும். 85 விழுக்காடு எத்தனால் கலந்த எரிபொருள் என்றால் 8 லிட்டர் அளவுக்குப் போகும். அதே கார் சமதளத்தில் 100 கிலோமீட்டரில் நிதானமாக ஓடத் தேவைப்படுவது 20 குதிரைத்திறன்தான். அதாவது அன்றாட ஓட்டத்தில் கட்டிய திறனில் ஐம்பதில் ஒரு பங்கைத்தான் பயன்படுத்துவீர்கள். தினசரிக் காரில் இந்த அளவு திறன் வீண் என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு இதுவே காரணம்.

கேள்வி: அப்படியானால் கார் நிறுவனங்களே 1,000 குதிரைத்திறன் கார்களை எப்படி விற்கின்றன?
– வாசகர், மதுரை

பதில்: அவை எஞ்சினை மட்டும் பெரிதாக்கவில்லை, காரையே அந்தத் திறனைச் சுற்றிக் கட்டுகின்றன. 2005இல் வந்த புகாட்டி வேரானின் 8 லிட்டர், 16 சிலிண்டர், நான்கு டர்போ எஞ்சின் 1,001 குதிரைத்திறன் தந்தது. அதைச் சாலையில் இறக்க நான்கு சக்கரங்களுக்கும் திறன் போக வேண்டியிருந்தது. வெப்பத்தை வெளியேற்றப் பத்து ரேடியேட்டர்கள் வேண்டியிருந்தன. எரியும் எரிபொருளின் ஆற்றலில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றும் வேலையாகிறது. மற்றது முழுவதும் வெப்பம். பட்டறையில் கட்டிய சுப்ரா தப்பிப்பது எப்படி என்றால், அது முழுத் திறனில் ஓடுவது பத்து விநாடிகூட இல்லை. சூடேறி முடிப்பதற்குள் கால் எடுக்கப்பட்டுவிடுகிறது. வேரானோ 400 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் தொடர்ந்து ஓட வேண்டும். அந்த வேகத்தில் அதன் 100 லிட்டர் டேங்க் 12 நிமிடங்களில் காலியாகிவிடும்.

2023இல் டாட்ஜ் வெளியிட்ட டீமன் 170, எத்தனால் எரிபொருளில் 1,025 குதிரைத்திறன் தருகிறது. கால் மைல் தூரத்தை 8.91 விநாடிகளில் கடந்ததாக நிறுவனம் அறிவித்தது. இத்தகைய எண்கள் பசைக் கரைசல் தெளித்துப் பதப்படுத்திய பந்தயத் தடத்தில் கிடைப்பவை. அந்தத் தடத்தில் நடந்தால் செருப்பே ஒட்டிக்கொள்ளும். சாலையில் அந்தப் பிடிமானம் கிடையாது. 2021இல் வந்த டெஸ்லா மாடல் எஸ் பிளெய்டின் 1,020 குதிரைத்திறன் வேறு வகை: முன்னும் பின்னும் மின்மோட்டார்கள், கிளட்ச் இல்லை, டர்போவுக்குக் காத்திருப்பதும் இல்லை. சக்கரம் வழுக்கத் தொடங்கியதும் மில்லி விநாடிகளில் திறன் குறைக்கப்படுகிறது. சாலையில் 1,000 குதிரைத்திறனோடு அமைதியாக வாழ இன்று இருக்கும் நேர்வழி இதுவே என்பேன். எஞ்சின் ஒலியை நேசிப்பவர்கள் என்னோடு சண்டைக்கு வரக்கூடும்.

கேள்வி: நம் நாட்டில் இப்படி மாற்றிப் பதிவு செய்ய முடியுமா?
– வாசகர், சேலம்

பதில்: முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆசை தீராதவர்கள் காரைப் பந்தயத்துக்கு மட்டும் என்று கட்டி, டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு, கோவை காரி மோட்டார் ஸ்பீட்வே, இருங்காட்டுக்கோட்டை போன்ற தடங்களுக்குப் போவதே முறை.

கேள்வி: ஆனாலும் அமெரிக்காவில் 2,000 குதிரைத்திறன் கார்கள் ஆயிரம் மைல் சாலையில் ஓடுகின்றனவே? நான் இங்கே நேரில் பார்த்திருக்கிறேன்.
– வாசகர், ஹூஸ்டன்

பதில்: நீங்கள் சொல்வது 2005இல் ஹாட் ராட் பத்திரிகை தொடங்கிய டிராக் வீக் (நேர்க்கோட்டு வேகப் பந்தய வாரம்) போன்ற நிகழ்ச்சி. ஐந்து நாட்களில், ஊருக்கு ஊர் உள்ள பந்தயத் தடங்களில் ஓடி, இடைப்பட்ட ஏறத்தாழ ஆயிரம் மைலையும் அதே காரில் சாலை வழியே கடக்க வேண்டும்; உதவி வண்டி பின்தொடரக் கூடாது. கால் மைலை 6 விநாடிகளில் கடக்கும் கார்கள் அதில் ஓடியிருக்கின்றன. அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் சாலையில் அவர்கள் அந்த 2,000ஐப் பயன்படுத்துவதில்லை. டர்போ அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டு, பெட்ரோல் பங்கில் கிடைக்கும் எரிபொருளில் ஊர்கிறார்கள். பந்தய டயர்கள், கருவிகள், மாற்றுப் பாகங்கள் எல்லாம் காருக்குப் பின்னால் கட்டிய சிறு டிரெய்லரில் வருகின்றன. கிளட்ச் தொல்லையே வேண்டாம் என்று, 1964இல் ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த டர்போ 400 என்ற மூன்று கியர் ஆட்டோமேட்டிக்கை உறுதிப்படுத்திப் பொருத்தியிருப்பவர்கள் பலர்.

அவர்களுடைய பெரும் பகை, வேகமல்ல, நெரிசல். அழுத்தத்தில் சிலிண்டர் சுவர் அசையாமலிருக்க, பந்தய எஞ்சின் பிளாக்கின் தண்ணீர் செல்லும் இடைவெளிகளில் சிமெண்ட் போன்ற கலவையை ஊற்றி நிரப்புவது வழக்கம். சுவர் உறுதியாகும், ஆனால் தண்ணீர் குறைந்துபோகும். முழுவதும் நிரப்பினால் சாலையில் ஓட்டவே முடியாது என்பதால், எவ்வளவு உயரம் நிரப்புவது, எவ்வளவு விடுவது என்று கணக்குப் பார்த்துச் செய்கிறார்கள். நாற்பது டிகிரி வெயிலில் ஒரு சிக்னலில் மாட்டிக்கொண்டால், வெப்பமானியைப் பார்த்தபடி எஞ்சினை அணைத்துவிட்டு, பச்சை விழும்வரை விசிறிகளை மட்டும் ஓடவிட்டுக் காத்திருப்பார்கள். அடுத்த முறை நேரில் பார்க்கும்போது, தடத்தில் அல்ல, சாலையோர மர நிழலில் பானெட்டைத் திறந்து வைத்து நிற்பவரிடம் போய்ப் பேசிப் பாருங்கள். எது உடைந்தது, எதை மாற்றினார், இன்னும் எத்தனை மைல் மீதி என்று அவர் சொல்வதுதான் உங்கள் கேள்விக்கு முழுப் பதில்.