கழுத்தை நெரித்ததை ‘குடும்பத் தகராறு’ என்று எழுதாதீர்கள்

கேள்வி: பெரம்பூரில் இருந்த என் தங்கையை (29) அவள் கணவர் குடித்துவிட்டு அடிப்பார். இந்த வருடம் இரண்டு முறை கழுத்தை நெரித்தார். மகளிர் காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். (புகார் பெற்றதற்கான ரசீது, எஃப்.ஐ.ஆர். அல்ல) போட்டு, பேசி, எழுதி வாங்கி அனுப்பிவிட்டார்கள். இப்போது குழந்தையோடு வேளச்சேரியில் என் வீட்டில் இருக்கிறாள். ‘வராவிட்டால் உன்னை முடித்துவிட்டு நானும் போய்விடுவேன்’ என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புகிறார். தெருமுனையில் வந்து நிற்கிறார். மறுபடி புகார் கொடுத்துப் பயன் உண்டா?

பதில்: உண்டு. ஆனால் பழைய புகாரையே மறுபடி நீட்டினால் இன்னொரு சி.எஸ்.ஆர்.தான் கிடைக்கும். ‘குடித்துவிட்டுக் கொடுமைப்படுத்துகிறார்’ என்ற வரியை ஸ்டேஷனில் தினமும் பார்க்கிறார்கள். நீங்கள் எழுதியதில் நான்கு விஷயங்கள் வேறு ரகம்: கழுத்து நெரிப்பு, தற்கொலைப் பேச்சோடு வரும் கொலை மிரட்டல், மனைவி பிரிந்து வந்திருப்பது, பின்தொடர்வது. இங்கிலாந்து போலீஸ் 2009 முதல் நிரப்பத் தொடங்கிய ‘டாஷ்’ என்ற ஆபத்து மதிப்பீட்டுப் படிவத்தின் 27 கேள்விகளில் இவை எல்லாமே வரும். இங்கே அப்படியொரு படிவத்தோடு யாரும் உங்களுக்காகக் காத்திருக்க மாட்டார்கள். ஆபத்தின் அளவைப் புகாரே சொல்லியாக வேண்டும்.

கழுத்து நெரிப்பை மட்டும் ஒரு முழுப் பத்தி எழுதச் சொல்லுங்கள். எந்தத் தேதி, ஒரு கையா இரு கையா, துப்பட்டாவா, எவ்வளவு நேரம், மூச்சு முட்டியதா, கண் இருட்டியதா, தன்னையறியாமல் சிறுநீர் போனதா, பிறகு குரல் கம்மியதா, விழுங்க வலித்ததா. வெளியே தழும்பே தெரியாமலும் உள்ளே காயம் இருக்கும். ‘அடித்தார்’ என்று மட்டும் எழுதினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் (இப்போதைய குற்றவியல் தண்டனைச் சட்டம்) 85 (கணவர் கொடுமை), 115(2) (காயப்படுத்துதல்) பிரிவுகளோடு முடிந்துவிடும். ஏழு ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் பெரும்பாலும் விசாரணைக்கு வரச் சொல்லி நோட்டீஸ்தான், கைது இல்லை. மூச்சு நின்ற விவரமும் மிரட்டல் குரல் பதிவும் இருந்தால் கொலை முயற்சி (109), கொலை மிரட்டல் (351(3)) பற்றி அதிகாரி யோசித்தே ஆக வேண்டும். அப்போது ஆஸ்பத்திரி போயிருந்தால் ஏ.ஆர். (காயத்தை டாக்டர் குறிக்கும் விபத்துப் பதிவேடு) காப்பி வாங்குங்கள். தொண்டையில் இன்னும் தொந்தரவு இருந்தால் இப்போதாவது அரசு மருத்துவமனையில் காட்டி, ‘கணவர் கழுத்தை நெரித்தார்’ என்று டாக்டரிடம் சொல்லிப் பதிய வையுங்கள். வெட்கப்பட்டு ‘வழுக்கி விழுந்தேன்’ என்று சொன்னதுதான் பல வழக்குகளைக் கவிழ்த்திருக்கிறது.

85-ஆம் பிரிவில் ரத்த உறவினர் என்ற முறையில் நீங்களே புகார் கொடுக்கலாம். பெரம்பூருக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை; சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ போட்டு, உரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும். மறுத்தால் புகாரைத் துணை ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த படி மாஜிஸ்திரேட். குரல் பதிவுகளை வந்த போனிலேயே வைத்திருங்கள், அழிக்கவோ போனை மாற்றவோ வேண்டாம்.

இதற்கு இணையாக 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தையும் பிடித்துக்கொள்ளுங்கள். எஃப்.ஐ.ஆருக்காக இதைத் தள்ளிப்போட வேண்டாம். மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பார்த்தால் படிவம் 1-இல் சம்பவ அறிக்கை எழுதுவார். படிவம் 5-ஐயும் கேட்டு வாங்குங்கள். அது பாதுகாப்புத் திட்டம்: என்ன வன்முறை நடந்தது, இனி எதற்குப் பயம், அதற்கு என்ன உத்தரவு வேண்டும் என்று பத்தி பத்தியாக இருக்கும். நம் சட்டத்தில் ஆபத்து மதிப்பீட்டுக்கு மிக அருகில் வருவது இதுதான். பலரும் வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். தங்கை இப்போது வேளச்சேரியில் தங்கியிருப்பதால் அந்த எல்லைக்குரிய மாஜிஸ்திரேட்டிடமே மனு போடலாம். 23-ஆம் பிரிவில் எதிர்தரப்பைக் கேட்காமலே இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு வாங்க முடியும். அதை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம். ஜாமீனில் விட முடியாத குற்றம். பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவச வக்கீல் உண்டு: சட்ட உதவி எண் 15100.

போலீஸ் அல்லது கோர்ட் நோட்டீஸ் கணவர் கைக்குப் போகும் வாரம் மிகவும் கவனம். துணிமணி, சர்டிஃபிகேட் எடுக்கத் தங்கையைத் தனியாகப் பெரம்பூருக்கு அனுப்பாதீர்கள். போலீஸ் துணை கேட்டு எழுதிக் கொடுங்கள். ‘கடைசியாக ஒரு தடவை பேசலாம்’ என்று கூப்பிட்டாலும் போகக் கூடாது. குழந்தையை யார் கையில் விடலாம் என்று பள்ளியில் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். அவர் தெருமுனையில் நிற்பதைப் பார்த்த உடனே 112. கதவைத் தட்டும் வரை காத்திருக்க வேண்டாம்.