வாசகர் கேள்வி: நாற்பது எம்.பி. இருந்தும் ஏன் நடக்கவில்லை?

கேள்வி: என் மகன் நியூஜெர்சியில் இருக்கிறான். 2025 அக்டோபரில் அங்கே பட்ஜெட் நிறைவேறாமல் அரசு அலுவலகங்களையே மூடிவிட்டார்கள் என்றான். நம் நாட்டில் அப்படி நடக்குமா?
— ஓர் ஆச்சி, காரைக்குடி

பதில்: நடக்காது ஆச்சி. இங்கே பட்ஜெட் தோற்றால் அலுவலகம் மூடாது, அரசாங்கமே போய்விடும். அமெரிக்க அதிபரை அந்நாட்டு நாடாளுமன்றம் தேர்ந்தெடுப்பதில்லை. அதனால் செலவுக்குப் பணம் தர மறுத்தாலும் அவர் பதவியில்தான் இருப்பார், பணம் மட்டும் நின்றுபோகும். உங்கள் மகன் சொன்ன முடக்கம் 43 நாள் நீடித்தது. அங்கே அதுவரை நடந்ததில் அதுதான் நீளமானது. நம் நாட்டில், ஒவ்வொரு துறையின் செலவுக்கும் அனுமதி கேட்கும் மானியக் கோரிக்கையை மக்களவை மறுத்தால் அமைச்சரவைமேல் நம்பிக்கை இல்லை என்றே பொருள். பட்ஜெட் முழுதாக நிறைவேறும்வரை அன்றாடச் செலவுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்ள அரசியல் சட்டத்தின் 116-ஆம் பிரிவில் வழி இருக்கிறது.

நம் ஊர்ப்பக்கத்து ஆள் ஒருவரின் பட்ஜெட்டே ஒருமுறை அந்தரத்தில் தொங்கியது. கண்டனூர்க்காரரான ப. சிதம்பரம் 1997 பிப்ரவரி 28-ல் தாக்கல் செய்த பட்ஜெட்டைப் பத்திரிகைகள் 'கனவு பட்ஜெட்' என்று கொண்டாடின. ஒரு மாதம்கூட நிம்மதியாக ஓடவில்லை. மார்ச் 30-ல் காங்கிரஸ் தலைவர் சீதாராம் கேசரி தேவகவுடா அரசுக்குக் கொடுத்த ஆதரவை வாபஸ் வாங்கினார். ஏப்ரல் 11-ல் அரசு விழுந்தது. பிறகு குஜ்ரால் பிரதமராகி, அதே பட்ஜெட் நிறைவேறியது.

கேள்வி: கூட்டணிக் கட்சியோ வெளியிலிருந்து ஆதரிக்கும் கட்சியோ வெளியுறவு விஷயத்தில் அரசை உண்மையிலேயே பணிய வைத்தது உண்டா?
— வாசகர், திருப்பத்தூர்

பதில்: உண்டு. 1991 வளைகுடாப் போரின்போது அமெரிக்க ராணுவ விமானங்கள் நம் விமான நிலையங்களில் எரிபொருள் நிரப்பிக்கொள்ள சந்திரசேகர் அரசு அனுமதித்தது. அந்த அரசு காங்கிரஸின் ஆதரவில் நின்ற அரசு. ராஜீவ் காந்தி எதிர்த்தார், பிப்ரவரியில் அது நிறுத்தப்பட்டது. அதே அரசால் அந்த ஆண்டு முழு பட்ஜெட்டும் போட முடியவில்லை. மார்ச் 6-ல் சந்திரசேகர் ராஜினாமா செய்தார். பட்ஜெட்டும் வெளியுறவும் ஒரே கட்சியின் தயவில் இருந்த சில வாரங்கள் அவை.

கேள்வி: 2004-ல் தமிழ்நாடும் புதுச்சேரியும் சேர்ந்து நாற்பது எம்.பி.க்களை ஒரே அணிக்குக் கொடுத்தன. 2009-ல் முள்ளிவாய்க்காலை நிறுத்த முடியவில்லை. 19 எம்.பி. வைத்திருந்த மம்தா பானர்ஜி மட்டும் 2011-ல் பிரதமர் டாக்காவில் கையெழுத்திடவிருந்த தீஸ்தா நதிநீர் ஒப்பந்தத்தையே நிறுத்திவிட்டார். நம்மவர்களுக்கு மனமில்லையா, திறமில்லையா?
— வாசகர், தேவகோட்டை

பதில்: உங்கள் கேள்வியில் உள்ள வலி எனக்கும் உண்டு. லேணாவிளக்கு இலங்கை அகதிகள் முகாமுக்கு ஒருமுறை போய்வந்தவர்கள்கூட அதை எளிதில் மறக்க மாட்டார்கள். ஆனால் மனம், திறம் என்ற அளவில் பார்த்தால் விடை கிடைக்காது. நான் வங்கியில் கணக்குப் பார்த்தவன். எண்ணிக்கையிலிருந்தே தொடங்குகிறேன்.

2008 ஜூலையில் அணுசக்தி ஒப்பந்தத்துக்காக இடதுசாரிகள் மன்மோகன் சிங் அரசுக்கான ஆதரவை விலக்கிக்கொண்டார்கள். நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசுக்கு 275, எதிர்த்து 256. வித்தியாசம் 19. தி.மு.க.வுக்கு அப்போது 16 எம்.பி. அந்த 16 பேர் அணி மாறி எதிர்த்து வாக்களித்தால் 259-க்கு 272, அரசு கவிழ்ந்திருக்கும். அக்டோபர் 14-ல் சென்னையில் கூடிய அனைத்துக் கட்சிக் கூட்டம், இரண்டு வாரத்தில் போர் நிறுத்தம் வராவிட்டால் எம்.பி.க்கள் ராஜினாமா செய்வார்கள் என்று தீர்மானம் போட்டது. அதாவது கையில் உண்மையிலேயே ஆயுதம் இருந்தது. பிரணாப் முகர்ஜி 26-ஆம் தேதி சென்னைக்கு வந்து முதல்வர் கருணாநிதியைப் பார்த்துப் பேசினார். ராஜினாமா பேச்சு அத்தோடு நின்றது. போர் நிற்கவில்லை.

ஏன் என்றால், சென்னைக் கோட்டையின் கணக்கையும் கூடவே பார்க்க வேண்டும். 2006 தேர்தலில் தி.மு.க.வுக்குக் கிடைத்தது 96 இடம். 234 பேர் கொண்ட சபையில் 118 வேண்டும். காங்கிரஸின் 34 எம்.எல்.ஏ.க்கள் விலகினால் மாநில ஆட்சி ஆட்டம் கண்டுவிடும். டெல்லியின் குடுமி சென்னையின் கையில், சென்னையின் குடுமி டெல்லியின் கையில். இரண்டு பேரும் இழுக்கவில்லை. அதைத் துரோகம் என்று ஒரு சொல்லில் முடிப்பவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். அவர்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்த 34 என்ற எண்ணை மறந்துவிட்டு 40 என்ற எண்ணை மட்டும் பேசினால் அடுத்த முறையும் இதே இடத்தில்தான் நிற்போம்.

இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் கசப்பானது. அரசு கவிழ்ந்திருந்தால் மட்டும் வன்னியில் குண்டு விழுவது நின்றிருக்குமா? முடிவு கொழும்பில் எடுக்கப்பட்டது. டெல்லி நெருக்கியிருந்தால் பலன் இருந்திருக்கலாம் என்று நான் இன்றும் நம்புகிறேன். டெல்லியில் ஆளே இல்லாமல் போயிருந்தால் நெருக்க யார் இருந்திருப்பார்கள்?

இப்போது மம்தாவுக்கு வருவோம். மேற்கு வங்கத்தில் அப்போது முதல்வராக இருந்த அவருக்குச் சொந்தமாகவே பெரும்பான்மை இருந்தது, காங்கிரஸின் தயவு வேண்டியதில்லை. அதைவிட முக்கியம், தீஸ்தா தண்ணீர் வங்கதேசத்துக்குப் போகுமுன் மேற்கு வங்கத்தின் கஜல்டோபா தடுப்பணையைத் தாண்ட வேண்டும். அதன் மதகை ஏற்றி இறக்குவது மாநில அரசின் ஆட்கள். பிரதமர் டாக்காவில் கையெழுத்துப் போட்டாலும் கொல்கத்தா சம்மதிக்காமல் தண்ணீர் இறங்காது. அதனால்தான் பிரதமரோடு டாக்காவுக்கு 'வரமாட்டேன்' என்று அவர் சொன்ன ஒரு சொல்லில் ஒப்பந்தம் நின்றது.

இது 19 எம்.பி.யின் பலம்தான் என்று நினைத்தால், அடுத்த ஆண்டையும் பாருங்கள். 2012 செப்டம்பரில் சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீட்டை எதிர்த்து அதே மம்தா, அதே எம்.பி.க்களோடு கூட்டணியை விட்டு வெளியேறினார். முலாயம் சிங்கும் மாயாவதியும் தாங்கிப் பிடித்தார்கள். அரசும் விழவில்லை, முடிவும் மாறவில்லை. ஒரே கட்சி, ஒரே எண்ணிக்கை, ஓராண்டு இடைவெளி. ஒன்றில் மதகு அவர் கையில் இருந்தது, மற்றதில் வெறும் வாக்குதான் இருந்தது.

2013 மார்ச்சில் நமக்கும் அதேதான் நடந்தது. ஜெனீவா மனித உரிமைக் கவுன்சிலில் இலங்கைக்கு எதிரான தீர்மானத்தில் இனப்படுகொலை என்ற சொல்லையும் சர்வதேச விசாரணையையும் சேர்க்க வேண்டும் என்று கேட்டு, 18 எம்.பி.யோடு தி.மு.க. வெளியேறியது. இரண்டு நாள் கழித்து இந்தியா தீர்மானத்தை ஆதரித்து வாக்களித்தது, கேட்ட திருத்தம் இல்லாமல். அந்த நவம்பரில் கொழும்பில் நடந்த காமன்வெல்த் மாநாட்டுக்கு மன்மோகன் சிங் போகவில்லை. ஆனால் வெளியுறவு அமைச்சர் சல்மான் குர்ஷித் போனார். 2014-ல் அடுத்த தீர்மானம் வந்தபோது இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. பிரதமரின் பயணத்தையும் ஒரு வாக்கையும் நம்மால் மாற்ற முடிந்தது. இலங்கையைப் பற்றிய டெல்லியின் அடிப்படைக் கணக்கு மாறவில்லை.

கேள்வி: உக்ரைனுக்கு உதவுங்கள் என்று ஐரோப்பிய நாடுகள் அமெரிக்காவை எவ்வளவோ கெஞ்சின. கூட்டாளி நாடுகளுக்கே மதிப்பில்லையா?
— வாசகர், பள்ளத்தூர்

பதில்: மதிப்பு உண்டு, ஆனால் பெட்டிச் சாவி அவர்களிடம் இல்லை. நம் பெரிய வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். முகப்பும் வளவும் எல்லோருக்கும் பொது. கல்யாணமாகிப் புள்ளியான, அதாவது தனிக் குடும்பமாகக் கணக்கில் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் தனி அறை, தனி அடுப்பு, தனிப் பேரேடு. அண்ணன் எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் தம்பியின் பேரேட்டில் அவர் கைப்படப் பற்று எழுத முடியாது. அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த நேட்டோ ராணுவக் கூட்டணியும் அப்படி ஒரு வீடுதான்.

பைடன் 2023 அக்டோபரிலேயே பணம் கேட்டார். அதே மாதம் 3-ஆம் தேதி, அரசு முடங்காமல் இருக்க எதிர்க்கட்சியோடு சேர்ந்து தற்காலிகச் செலவு மசோதாவை நிறைவேற்றியதற்காக, சபாநாயகர் மெக்கார்த்தியை அவருடைய கட்சிக்காரர்கள் சிலரே 216-க்கு 210 என்று இறக்கிவிட்டிருந்தார்கள். டிசம்பரில் செலன்ஸ்கி வாஷிங்டனுக்கு நேரில் போய்ப் பார்த்தார். பிப்ரவரியில் செனட் சபை நிறைவேற்றியும் கீழ்ச்சபையில் கோப்பு நகரவில்லை. அதே பிப்ரவரியில் குண்டுக்குத் தட்டுப்பாடான நிலையில் உக்ரைன் படை அவ்தியிவ்கா நகரைக் கைவிட்டது. ஏப்ரலில் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் டேவிட் கேமரூன் புளோரிடாவுக்கே போய் டிரம்பைப் பார்த்துப் பேசினார். ஏப்ரல் 20-ல்தான் கீழ்ச்சபை 311-க்கு 112 என்று ஒப்புக்கொண்டது. ஆறு மாதம்! அந்த ஆறு மாதத்தில் போர்முனையில் செத்தவர்களுக்கு வாஷிங்டன் உள்கட்சித் தகராறு என்னவென்றே தெரிந்திருக்காது.

சாவி கையில் இருந்தால் சின்ன நாடும் என்ன செய்யும் என்பதற்கு ஹங்கேரியைச் சொல்லலாம். ஐரோப்பிய ஒன்றியம் உக்ரைனுக்கு 5,000 கோடி யூரோ ஒதுக்க எல்லா நாடும் சம்மதிக்க வேண்டியிருந்தது. 2023 டிசம்பரில் ஹங்கேரிப் பிரதமர் ஓர்பான் ஒருவரே அதைத் தடுத்து நிறுத்தினார். 2024 பிப்ரவரி 1-ல்தான் வழிவிட்டார். ஜெர்மனியில் இன்னும் மோசம். கடன் வரம்பைத் தளர்த்தி பட்ஜெட் போடுவதா வேண்டாமா என்ற தகராறில், உக்ரைனுக்கான செலவும் அதில் சேர்ந்துகொள்ள, 2024 நவம்பரில் நிதியமைச்சர் லிண்ட்னரைப் பிரதமர் ஷோல்ஸ் நீக்கினார். கூட்டணியே உடைந்தது.

கேள்வி: எங்கள் அப்பச்சியின் பெட்டகத்தில் பர்மா நிலப் பத்திரங்கள் இருக்கின்றன. இந்திய அரசு மூலம் இன்றைக்காவது நஷ்ட ஈடு கிடைக்குமா?
— வாசகர், கோட்டையூர்

பதில்: கிடைக்கும் என்று சொல்லி உங்களை அலைய விட எனக்கு மனம் வரவில்லை. இதுபோன்ற கட்டுகளை நம் ஊர்களில் நான் பார்த்திருக்கிறேன். மஞ்சள் துணியில் சுற்றி, பெகு, ஹந்தவாடி, பியாப்போன் என்று மாவட்டம் வாரியாகப் பிரித்துக் கட்டி வைத்திருப்பார்கள். தொட்டால் ஓரம் உதிரும், ஏக்கர் கணக்கு மட்டும் அப்படியே தெளிவாக இருக்கும்.

1930-களின் மந்தத்தில் கடனைத் திருப்ப முடியாத விவசாயிகளின் நிலம் நகரத்தார் கைக்கு வந்து சேர்ந்தது. 1937 வாக்கில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நிலம், சுமார் 25 லட்சம் ஏக்கர், அவர்களிடம் இருந்தது. உழுதவன் நிலத்தை இழந்த வேதனையும் அதில் இருக்கிறது, அதையும் சேர்த்தே நாம் பேச வேண்டும். 1948-ல் விடுதலை பெற்ற பர்மா நிலத்தைத் தேசவுடைமையாக்கச் சட்டம் போட்டது.

அன்று டெல்லி நியாயமான ஈடு கேட்டது, அதற்காக ரங்கூனோடு முறுக்கிக்கொள்ளவில்லை. பர்மாவில் உள்நாட்டுக் கலகம் வெடித்திருந்த நேரம். பர்மியப் பிரதமர் ஊ நூவின் அரசு நிலைக்க வேண்டும் என்று நேரு நினைத்தார், 1949-ல் ஆயுத உதவியே செய்தார். ரங்கூனின் மொகல் தெருவில் அத்தனை கடை வைத்து ஆண்டவர்கள், கல்லூரியும் கோயிலும் கட்டிக் கொடுத்தவர்கள், டெல்லியின் அந்த முடிவை அசைக்க முடியவில்லை. அவர்களிடம் செல்வாக்கு இருந்தது. அரசு தடுக்கி விழக்கூடிய இடம் ஒன்றும் அவர்கள் கையில் இல்லை. 1964-ல் கப்பலேறி வந்தவர்கள் நகைநட்டைக்கூடக் கொண்டுவர முடியாமல் இறங்கினார்கள்.

பத்திரங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உங்கள் ஊர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்ததுதான் இன்று சென்னையில் பெரிய ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. அங்கே கேட்டு, நகலாவது எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நாங்கள் ஜெகதாப்பட்டினத்தில் படகு வைத்திருக்கிறோம். ஒவ்வொரு முறையும் ஆட்களைப் பிடித்துப் போனதும் எம்.பி. கடிதம் எழுதுகிறார். வேறு என்ன கேட்கலாம்?
— வாசகி, ஜெகதாப்பட்டினம்

பதில்: கடிதம் எழுதட்டும், ஆட்களை மீட்க அதுவும் வேண்டும் தங்கச்சி. ஆனால் அது கொழும்பைக் கேட்கும் வேலை. உள்ளூர் பட்ஜெட்டில் கேட்க வேண்டியதை யாரும் கேட்பதில்லை.

இலங்கை மீனவர்களின் முதல் புகார் விசைப்படகின் இழுவை மடியைப் பற்றியது. கடலடியைச் சுரண்டிவிடுகிறது என்கிறார்கள், அவர்கள் நாட்டில் 2017-ல் அதைத் தடை செய்துவிட்டார்கள். அதே ஆண்டு இங்கே, பாக் நீரிணை விசைப்படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்ற ஒரு திட்டம் வந்தது. ஒரு படகுக்கு 80 லட்சம் ரூபாய். அதில் மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 சதவீதம், மிச்சம் வங்கிக் கடனும் மீனவர் பங்கும். மூன்று ஆண்டில் 2,000 படகு என்பது இலக்கு. அந்த இலக்கு எட்டப்படவே இல்லை. 80 லட்சத்தில் பத்தில் ஒரு பங்கு என்றாலும் 8 லட்சம். கையில் அவ்வளவு ரொக்கம் உள்ள குடும்பம் உங்கள் தெருவில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

நாடாளுமன்றத்தில் வெளியுறவுத் துறையின் மானியக் கோரிக்கை பல ஆண்டுகளில் விவாதமே இல்லாமல் மற்றவற்றோடு சேர்த்து ஒரே வாக்கெடுப்பில் போய்விடுகிறது. 2025–26-ல் அந்தத் துறைக்கு 20,516 கோடி, அதில் இலங்கைக்கு உதவி 300 கோடி. அதைப் பற்றி நம் எம்.பி. பேச நேரம் கிடைக்காமல் போகலாம். எழுத்துப்பூர்வமான கேள்வி கேட்க யார் தயவும் வேண்டாம். மீன்வளத் துறை அமைச்சரிடம் இப்படிக் கேட்கச் சொல்லுங்கள்: புதுக்கோட்டை மாவட்டத்தில் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை படகு இறங்கியது, எத்தனை இழுவைப் படகு திரும்பப் பெறப்பட்டது, மீனவர் பங்கைக் குறைக்க முடியுமா. இதையே உங்கள் எம்.எல்.ஏ. சட்டமன்றத்தில் மீன்வள மானியக் கோரிக்கை வரும் நாளில் கேட்கட்டும். சங்கத்தின் பேரில், தேதி போட்டு, ஒப்புகை வாங்கிக்கொண்டு மனுவைக் கொடுங்கள். பதில் வந்தால் எங்களுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், இதே பக்கத்தில் போடுகிறோம்.