சைக்ஸ் குடும்பப்பெயர்: இரு எழுத்துமுறை குறித்து

வணக்கம். தங்கள் கணவரின் முன்னோர் பெயரான சைக்ஸ், யார்க்‌ஷயர் தேவாலயப் பதிவேடுகளில் ஒய் எழுத்துடனும் (Sykes) ஐ எழுத்துடனும் (Sikes) மாறி மாறி வருவதால், அவை இரு வேறு குடும்பங்களோ எனக் கேட்டிருந்தீர்கள். எழுத்துமுறையை மட்டும் வைத்து அவற்றைப் பிரிக்க வேண்டாம். அக்காலப் பாதிரியார்கள் காதில் விழுந்தபடியே எழுதியதால், தந்தைக்கு ஒரு விதமாகவும் மகனுக்கு வேறு விதமாகவும் பதிவாவது வழக்கமே.

வயல் எல்லையாக ஓடும் சிற்றோடையைக் குறிக்கும் வட இங்கிலாந்துச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. ஓடைகள் பல இருந்ததால் இப்பெயரும் பல இடங்களில் தனித்தனியே தோன்றியிருக்கும் என்றே கருதப்பட்டது. ஆனால் ஆக்ஸ்ஃபோர்டு மரபியலாளர் பிரையன் சைக்ஸ் (ஆம், அவரும் அப்பெயரினரே) 2000இல் வெளியிட்ட ஆய்வில், அப்பெயர் கொண்ட 48 ஆண்களுள் ஏறத்தாழப் பாதிப் பேரின், தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்லும் ஒய் குரோமோசோம் ஒரே வகையாக இருந்ததால், மூதாதை ஒருவரே என்ற முடிவுக்கு வந்தார். மீதிப் பாதியை வைத்துப் பார்த்தால் அம்முடிவு சற்றுத் துணிச்சலானது என்பது என் கருத்து.

இப்பெயரினர் மிகுதியாக வாழ்ந்தது யார்க்‌ஷயரின் மேற்குப் பகுதியில், குறிப்பாக ஹட்டர்ஸ்ஃபீல்டைச் சுற்றி. எனவே 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து தொடங்கி, தந்தை பெயரும் தொழிலும் குறிக்கப்பட்டுள்ள, 1837 ஜூலைக்குப் பிந்தைய திருமணச் சான்றிதழ்கள் வழியே பின்னோக்கிச் செல்லுங்கள்.