என்ன செய்யணும்னு சொல்லவே மாட்டேங்கிறாரே, இவருக்கு எதுக்கு ஃபீஸ்?

கேள்வி: நாலு மாசமா ஒரு மனநல ஆலோசகர்கிட்டப் போறேன். நல்லாக் கேக்குறார், ஆனா ஒரு யோசனையும் சொல்றதில்லை. இது என்ன அக்கறை?

உங்கள் எரிச்சல் நியாயம்தான். நான் எதிர் நாற்காலியில் உட்காருகிறவன். யோசனை சொல்லிக் கெடுத்த கதை ஒன்று என்னிடம் இருக்கிறது. (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.)

வேலையை விடுவதா வேண்டாமா என்று வாராவாரம் வந்து தவித்தான் ஒரு தம்பி. ஆறாவது வாரம் எனக்கே பொறுக்கவில்லை. ராஜினாமாக் கடிதத்தை என் நோட்டில் நானே எழுதி, தாளைக் கிழித்துக் கொடுத்துவிட்டேன். அவன் முகத்தில் அப்படியொரு நிம்மதி! எனக்கும் மிதப்புதான். அடுத்த வாரம் வந்தபோது அந்தத் தாள் நாலாக மடித்துச் சட்டைப் பையில் இருந்தது. "அப்படியே டைப் பண்ணி அனுப்பிட்டேன் சார். அப்பா கேட்டா, நீங்க சொன்னீங்கன்னு சொல்லட்டுமா?"

எனக்குச் சுருக்கென்றது.

ஜெர்மானியத் தத்துவவாதி மார்ட்டின் ஹைடெக்கர் 1927-இல் வெளியிட்ட 'இருத்தலும் காலமும்' நூலில் அக்கறைக்கு இரண்டு எதிரெதிர் முனைகள் காட்டுகிறார். ஒன்று, அடுத்தவர் இடத்தில் நாம் புகுந்து அவர் பாரத்தை வாங்கிக்கொள்வது. அவர் ஓரமாக நிற்பார். தனக்கே தெரியாமல் நமக்குக் கட்டுப்பட்டும் போகலாம். மற்றது, ஒரு எட்டு முன்னே போய் நின்று, அவர் பாரம் இன்னதென்று அவருக்கே தெளிவாகும்படி செய்து அவரிடமே திருப்பித் தருவது. அன்றாட வாழ்க்கை பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில்தான் ஓடுகிறது என்கிறார். (இதே மனிதர் 1933-இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். அக்கறைக்கு அவரைச் சாட்சிக்கு இழுக்கும்போது நாக்கு கூசத்தான் செய்கிறது.)

சுவிஸ் மனநல மருத்துவர் மெடார்ட் பாஸ் இதைப் பிடித்துக்கொண்டார். 1959-இல் தொடங்கி சுமார் பத்தாண்டு ஹைடெக்கரை வரவழைத்து மருத்துவர்களுக்கு வகுப்பெடுக்க வைத்தார்; பெரும்பாலும் ஜூரிச் பக்கத்தில் ட்சொல்லிகோனில் இருந்த தன் வீட்டிலேயே. சிகிச்சையாளருக்கு உரியது அந்த இரண்டாவது வகை என்பது பாஸின் வாதம்.

எப்போதும் அப்படி முடியாது. சாகலாமா என்ற யோசனையோடு ஒருவர் வந்து உட்கார்ந்தால் மாத்திரை டப்பாவைக் கேட்டு வாங்கி வைப்பேன், வீட்டுக்குப் போன் போடுவேன். அங்கே புகுந்துதான் ஆக வேண்டும்.

அதே சமயம், வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதெல்லாம் இரண்டாவது வகை ஆகிவிடாது. கடிகாரத்தைப் பார்த்தபடி 'ம்' கொட்டுகிறவர்களும் எங்கள் தொழிலில் உண்டு. இங்கே கேட்ட இதே கேள்வியை அவரிடமே கேளுங்கள். கோபப்படாமல் உங்களோடு சேர்ந்து யோசித்தால் இன்னும் கொஞ்ச நாள் போய்ப் பாருங்கள். மழுப்பினால் வேறு ஆளைத் தேடுங்கள், காசு உங்களுடையது.