கேளுங்க சொல்றேன்: மோசமான படத்துக்கு நல்ல டிஸ்க் எதுக்கு?

கேள்வி: சார், 'மேனோஸ்: த ஹேண்ட்ஸ் ஆஃப் ஃபேட்'னு ஒரு பழைய அமெரிக்கப் பேய்ப்படம், உலகத்துலயே படுமோசம்னு பேர் எடுத்தது, அதப் போய் தூசு தட்டி ப்ளூரேல விட்டிருக்காங்களே, யார் பாக்குறதுக்கு? (தேனி வாசகர்)

நான் பாத்தேன், அதுவும் ரெண்டு தடவ! டெக்சாஸ்ல எல் பாசோங்கற ஊர்ல உரம் வித்துட்டிருந்த ஹெரால்ட் வாரன், பேய்ப்படம் எடுக்குறது என்ன பெரிய வித்தையான்னு ஒரு திரைக்கதை எழுத்தாளர்கிட்ட பந்தயம் கட்டி, சுமார் 19,000 டாலர்ல 1966ல எடுத்த படம். கேமரா பழைய கடிகாரம் மாதிரி முறுக்கி விடுறது, ஒரு முறுக்குக்கு 32 செகண்டுதான் ஓடும், அதுக்குமேல எந்த ஷாட்டும் நீளாது, சவுண்டும் பதியாது, அதனால பின்னாடி ஒரு சில பேர் மட்டும் உக்காந்து மொத்தப் படத்துக்கும் டப்பிங் பேசிட்டாங்க. பிரீமியர்ல தன் வாய்லேர்ந்து வேற யாரோ குரல் வர்றதக் கேட்டு, நடிச்ச குட்டிப்பொண்ணு அழுதிருச்சாம், பாவம். மத்தவங்களுக்கு லாபத்துல பங்குன்னு சொல்லிருந்தாங்க, லாபம் எங்க வந்துச்சு, கடைசில சம்பளம்னு கைல வாங்குனது அந்தப் பொண்ணும் அது வீட்டு நாயும்தான். பொண்ணுக்கு சைக்கிள், நாய்க்கு ஒரு மூட்டை தீனி.

இந்தக் கூத்து எனக்குப் புடிச்சிருக்கு, அவ்ளோதான்.

கேள்வி: யூடியூப்ல சும்மாவே கெடக்குதே, காசு குடுத்து எதுக்கு வாங்கணும்? (சேலம் வாசகர்)

சும்மா கெடக்குறதுக்கு காரணம் இருக்கு. அப்போ அமெரிக்கச் சட்டப்படி படத்துல காப்பிரைட் அறிவிப்பு போடலன்னா உரிமை போச்சு, இவங்க போடல. அப்புறம் என்ன, யார் வேணா காப்பி அடிக்கலாம். எடுத்தது 16 எம்எம் அகல ஃபிலிம்ல, தியேட்டருக்காக 35 எம்எம்முக்கு பெருசாக்குனாங்க, அதுலயே ஓரமெல்லாம் வெட்டுப்பட்டுச்சு, அதுலேர்ந்து டேப், டேப்லேர்ந்து டேப்னு போய்ப் போய் கலரே செத்துப் போச்சு. 1993ல ஒரு அமெரிக்க டிவி காமெடி ஷோல இதப் போட்டு கலாய்ச்சப்போ ஜனங்க பாத்ததும் இந்த மங்குன காப்பிதான்.

2011ல பென் சோலோவேங்கறவரு பழைய ஃபிலிம் சுருளா மொத்தமா வாங்குனதுல இதோட 16 எம்எம் வொர்க்பிரிண்ட் கெடச்சுது, அதாவது எடிட்டிங் டேபிள்ல வெட்டி ஒட்டுன பிரிண்ட், கேமராவுல எடுத்ததுக்கு ரொம்பக் கிட்டத்துல உள்ளது. ரெஸ்டோர் பண்ண, ஜனங்ககிட்ட பணம் திரட்டுற கிக்ஸ்டார்ட்டர் வெப்சைட்ல 10,000 டாலர் கேட்டாரு, 48,000க்கு மேல கொட்டுனாங்க. 2015 அக்டோபர்ல சினாப்ஸ் கம்பெனி டிஸ்க்கா விட்டுச்சு. நான் சேறுன்னு நெனச்சுட்டிருந்த எடத்துல எல்லாம் கலர் இருக்கு, ராத்திரி சீன்ல லைட்டுக்கு வந்து மொய்க்குற பூச்சியக்கூட எண்ணலாம் போல. அந்தப் பழைய அழுக்கு 35 எம்எம் வெர்ஷனையும் அதே டிஸ்க்ல வச்சிருக்காங்க, ரெண்டையும் மாத்தி மாத்திப் போட்டுப் பாருங்க, குடுத்த காசு அதுலயே வந்துரும்.

கேள்வி: அமெரிக்க டிஸ்க் நம்ம பிளேயர்ல ஓடுமா? (அதே சேலம் வாசகர்)

ப்ளூரேவ ஏ, பி, சின்னு ரீஜன் பிரிச்சு, ஒரு ரீஜன் டிஸ்க் இன்னொரு ரீஜன் பிளேயர்ல ஓடாத மாதிரி பூட்டுவாங்க. அமெரிக்கா ஏ ரீஜன், நாம சி. சில டிஸ்க்குக்கு இந்தப் பூட்டே கிடையாது, சிலதுக்கு உண்டு, வாங்குறதுக்கு முன்னாடி அட்டையப் பாத்துருங்க.